‘பிரைவேட் சர்வர்’: திங்கட்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

சட்ட மாணவர்கள் சிலர் தமிழில் ஒரு சிறு கையேடு கொண்டுவருகிறார்கள். கணினி விளையாட்டும் பதிப்புரிமையும் என்பது பொருள். மற்றதெல்லாம் மொழிபெயர்த்து முடித்துவிட்டேன். ஒரே ஒரு சொல்லில் நான்கு நாளாக நின்றுகொண்டிருக்கிறேன். திங்கள் காலை அச்சகத்துக்குப் போகிறது.

இணையத்தில் ஆடுபவர்களை ஒன்றுசேர்க்கும் கணினிதான் சர்வர், தமிழில் வழங்கி. விளையாட்டு நிறுவனம் நடத்தும் சர்வரை விட்டுவிட்டு, விளையாடுகிறவர்களே ஒன்றை எழுதி நடத்தினால் அதைப் பிரைவேட் சர்வர் என்கிறார்கள். நான் ‘தனியார் வழங்கி’ என்று போட்டிருந்தேன். மெய்ப்புப் பார்த்த மாணவி, "அப்படியானால் பிளிசர்ட் நடத்துவது அரசு வழங்கியா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. தனியார் பேருந்து, தனியார் பள்ளி என்று சொல்லிப் பழகிய காதுக்கு, வழக்குப் போட்ட விளையாட்டு நிறுவனமான பிளிசர்டுதான் தனியார்.

சொல் வரும் இடம் பிநெட்டி வழக்கு. ஸ்டார்கிராஃப்ட், டயாப்ளோ இரண்டையும் இணையத்தில் பலரோடு சேர்ந்து ஆட வேண்டுமென்றால் பிளிசர்டின் பேட்டில்நெட்டுக்குப் போக வேண்டும். அங்கே நெரிசல், ஏமாற்றி ஆடுபவர்களின் தொல்லை. ஆர்வலர்கள் சிலர் விளையாட்டும் சர்வரும் என்ன பேசிக்கொள்கின்றன என்று ஆராய்ந்து, அதே மொழி பேசும் பிநெட்டி என்ற சர்வர் நிரலைத் தாங்களே எழுதி இலவசமாகக் கொடுத்தார்கள். வாங்கிய சிடியோடு வரும் எண் செல்லுமா என்று பேட்டில்நெட் சோதிக்கும், பிநெட்டி சோதிக்காது. அதனால் திருட்டுப் பிரதி வைத்திருப்பவரும் உள்ளே வரலாம். 2005-இல் அமெரிக்காவின் எட்டாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆர்வலர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. நிறுவும்போது ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று அழுத்திய ஒப்பந்தம் ஒரு காரணம், பாதுகாப்புப் பூட்டைத் தாண்டியது மற்றொரு காரணம்.

இதற்கு என்ன சொல் போடலாம்?

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அன்புள்ள தம்பிக்கு,

சொல் நம் இலக்கணத்திலேயே இருக்கிறது: போலி. ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வேறோர் எழுத்து வந்து நின்று, பொருள் மாறாமல் இருந்தால் அது போலி. அறம் அறன் ஆகிறது. நிலம் நிலன் ஆகிறது. மகரம் போய் னகரம் வந்தது, பொருள் அப்படியே இருக்கிறது. நீங்கள் சொல்லும் சர்வரும் இதைத்தானே செய்கிறது? நிறுவனத்தின் சர்வர் இருந்த இடத்தில் வேறொன்று நிற்கிறது, ஆட்டம் மாறவில்லை. ‘வழங்கிப் போலி’ என்று எழுதுங்கள். இவ்வளவு துல்லியமான சொல் ஆங்கிலத்தில்கூட இல்லை.

சென்னை, நிரலாளர்:

> வழங்கிப் போலி

ஐயா, மன்னிக்க வேண்டும். போலி மருத்துவர் கைது, போலிப் பத்திரம் பறிமுதல் என்று தினமும் செய்தி படிக்கிற மாணவருக்கு நன்னூல் நினைவுக்கு வராது. குற்றவாளிக் கூண்டுதான் நினைவுக்கு வரும். நீதிபதி வாய் திறப்பதற்கு முன்பே சொல் தீர்ப்புச் சொல்லிவிடும். சட்டக் கையேட்டில் அது பெரிய தவறு. ‘திருட்டு சர்வர்’ என்று யாராவது எழுதுவார்கள் என்று பயந்துகொண்டே இந்த மடலைத் திறந்தேன். அதற்கும் இதே மறுப்புதான்.

இன்னொன்று. இங்கே மூன்று செயல்கள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. விளையாட்டு மென்பொருளையே பிரதி எடுத்து ஊருக்கெல்லாம் பகிர்வது ஒன்று. அதில் பெரிய ஐயம் இல்லை, உரியவர் அனுமதி இல்லாமல் செய்தால் பதிப்புரிமை மீறல். சர்வரைப் போல நடந்துகொள்ளும் நிரலைச் சொந்தமாக எழுதுவது இரண்டாவது. நிறுவனத்தின் நிரலில் ஒரு வரியும் எடுக்காமல் அப்படி எழுத முடியும். நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே, முறையாகப் பிரதி வைத்திருப்பவர், தனியாக எழுதிய நிரல் மற்ற நிரல்களோடு இயைந்து இயங்கத் தேவையான தகவலை, அது வேறு வழியில் எளிதில் கிடைக்காதபோது, ஆராய்ந்து எடுக்க இடம் தருகிறது. மூன்றாவது, அந்த நிரலை ஓட்டி ஆயிரக்கணக்கான பேரை உள்ளே விடுவது. பிநெட்டி இரண்டாவது வகை. 2016 ஏப்ரலில் மூடப்பட்ட நாஸ்டால்ரியஸ் என்ற சர்வர் மூன்றாவது வகை. இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் மாணவர் குழம்புவார்.

நடத்தப்படுவதைப் ‘பிரைவேட் சர்வர்’ என்றே எழுதுங்கள். விளையாடுகிற பிள்ளைகள் எல்லாருக்கும் புரியும்.

யாழ்ப்பாணம், நூலகர்:

போலி வேண்டாம் என்பதில் நானும் சென்னைத் தம்பியின் பக்கம். ஆனால் ஆங்கிலத்தையே தமிழ் எழுத்தில் எழுதிவிட்டுப் போவதற்கு ஒரு குழு எதற்கு?

வழக்கறிஞராக இருக்கும் தோழி ஒருத்தியோடு கதைத்தேன். ‘அனுமதியற்ற வழங்கி’ என்று போடச் சொன்னா. முதலில் எனக்கும் பிடித்தது. பிறகு சிட்டி ஆஃப் ஹீரோஸ் கதை நினைவுக்கு வந்தது. கொரிய நிறுவனமான என்சிசாஃப்ட் அந்த விளையாட்டை 2012 நவம்பர் 30-ஆம் திகதி மூடியது. ரசிகர்கள் ஹோம்கமிங் என்ற பெயரில் அதை மீண்டும் நடத்தினார்கள். 2024 ஜனவரியில் அதே நிறுவனம் அவர்களுக்கு உரிமம் கொடுத்தது. அன்றைக்கு அனுமதி வந்துவிட்டது. சர்வர் அதே சர்வர்தான். பெயரை மட்டும் மாற்றுவதா?

‘மாற்று வழங்கி’ போதும் என்று நினைக்கிறேன்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

போலியைக் கைவிட மனமில்லை, ஆனாலும் தம்பி சொன்னது உறைத்தது. நல்ல சொற்கள் இப்படித்தான் கெட்டுப்போகின்றன. ‘ஒப்பாரி’யைப் பாருங்கள். "மக்களே போல்வர் கயவர் அவரன்ன ஒப்பாரி யாங்கண்டது இல்" என்ற குறளில் அது ஒப்புமை. இன்று இழவு வீட்டில் மட்டும்தான் இருக்கிறது. போல், ஒப்பு இரண்டையும் ஒரே குறளில் வைத்திருக்கிறார் வள்ளுவர். இரண்டையுமே நம்மால் இந்த வேலைக்கு எடுக்க முடியவில்லை என்பது வருத்தமாக இருக்கிறது.

போலும் என்பது செய்யுளில் குறுகி ‘போன்ம்’ ஆகும். அங்கே மகரத்துக்குக் கால் மாத்திரைதான். அதிலிருந்து ‘போன்மி’ என்று எடுக்கலாம் என நேற்றிரவு யோசித்தேன். பேரன் அது மீமுக்குச் சிலர் எழுதுகிற சொல் என்று சொல்லிவிட்டான்.

நூலகர் அம்மா சொன்ன மாற்று நல்ல சொல்தான். ஆனால் மாற்றான் என்றால் பகைவன். வழங்கி பழுதாகும்போது வேலைக்கு வரும் உபரி வழங்கியையும் மாற்று என்றுதான் சொல்லத் தோன்றும். என் இப்போதைய முன்மொழிவு ‘நிகரி’. நிகர் என்றால் சமம்; பழியும் இல்லை, புகழும் இல்லை. நிகர்நிலைப் பல்கலைக்கழகம் என்ற வழக்கு ஏற்கெனவே எல்லார் வாயிலும் இருக்கிறது. வழங்கி, செயலி என்ற வரிசையில் நிகரியும் உட்காரும்.

மதுரை, கல்லூரி ஆசிரியர்:

நிகரியை எமுலேட்டருக்கு, அதாவது சர்வரைப் போல நடந்துகொள்ளும் நிரலுக்கு, வைத்துக்கொள்ளலாம், அழகாக இருக்கிறது. நடத்தப்படுவதற்கு ‘ரசிகர் வழங்கி’. யார் நடத்துகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறது, வகுப்பில் விளக்கமே தேவைப்படாது. நாஸ்டால்ரியஸ் நினைவிருக்கும். பிளிசர்டின் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் விளையாட்டுக்கு விரிவாக்கங்கள் வருவதற்கு முந்தைய பழைய வடிவத்தை நடத்தினார்கள். பிளிசர்டின் வழக்கறிஞர் கடிதம் வந்ததும் மூடினார்கள். இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அதற்காகக் கையெழுத்துப் போட்டார்கள். 2019 ஆகஸ்டில் பிளிசர்டே பழைய வடிவத்தைத் திறந்தது. அந்தக் கையெழுத்துப் போட்டவர்களை ரசிகர் என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

ரகரம் மொழிக்கு முதலில் வராது. ‘இரசிகர்’ என்றாவது எழுதுங்கள். ‘சுவைஞர்’ இன்னும் நன்று.

மதுரை, கல்லூரி ஆசிரியர்:

ஐயா, வடசொல்லையும் நான்கு வகைச் சொல்லில் ஒன்றாகத் தொல்காப்பியரே சேர்த்திருக்கிறார். சுவைஞர் வழங்கி என்றால் என் மாணவர்கள் உணவகம் என்று நினைப்பார்கள். ரசிகர் மன்றம் இருக்கிற ஊரில் ரசிகருக்கு அகராதி வேண்டாம்.

யாழ்ப்பாணம், நூலகர்:

எனக்கு இலக்கணத்தில் தடையில்லை, பொருளில்தான் தடை. ஸ்கேப்கேமிங் என்றொன்று இருந்தது. அதுவும் வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் சர்வர்தான். ஆடுபவர்களிடம் நன்கொடை என்று 30 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. 2010-இல் நீதிமன்றம் ஏறத்தாழ 8 கோடியே 80 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. அதையும் ‘ரசிகர்’ என்று எழுதப் போகிறோமா? போலி என்றால் எதிராகத் தீர்ப்பு, ரசிகர் என்றால் ஆதரவாகத் தீர்ப்பு. சொல் இரண்டு பக்கமும் சாயக் கூடாது என்று தொடங்கியவர் சென்னைத் தம்பி. அவரே பதில் சொல்லட்டும்.

சென்னை, நிரலாளர்:

அக்கா கேட்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் பிரைவேட் சர்வர் என்றே விடச் சொன்னேன்.

அப்புறம், விற்பனை நின்றுபோன பழைய மென்பொருளைச் சொல்லும் ‘அபாண்டன்வேர்’ கையேட்டில் வருகிறதா? வந்தால் ‘கைவிடப்பட்ட மென்பொருள்’ என்று எழுதிவிடாதீர்கள். கடையில் விற்பதைத்தான் நிறுத்தியிருக்கிறார்கள், உரிமையைக் கைவிடவில்லை. நிறுவனத்துக்காக எழுதப்பட்ட படைப்பு என்றால் அமெரிக்காவில் வெளியான நாளிலிருந்து 95 ஆண்டு அது செல்லும்.

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

வருகிறது, தம்பி. ‘கேட்பாரற்ற மென்பொருள்’ என்று எழுதியிருந்தேன். கேட்பதற்கு வழக்கறிஞரோடு வருகிறார்களே என்று இப்போதுதான் உறைக்கிறது.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

தரிசு.

பயிர் வைக்காமல் போட்ட நிலம் தரிசு. பட்டா ஒருவர் பெயரில் இருக்கும். ஊர் ஆடு மேயும். உடையவர் கண்டுகொள்ள மாட்டார். ஒருநாள் வேலி போட வந்தால் யாரும் தடுக்க முடியாது. ‘தரிசு மென்பொருள்’ என்று எழுதுங்கள். உரிமைக் காலம் முடிந்து பொதுவுக்கு வந்துவிட்டால்தான் அது ஊர்ப் பொது நிலம் மாதிரி. எங்கள் ஊரில் இந்த வேறுபாட்டுக்காகத் தலைமுறையாக வழக்கு நடக்கிறது. சட்ட மாணவருக்கு ஒரு வரியில் விளங்கும்.

மதுரை, கல்லூரி ஆசிரியர்:

ஐயா, இந்த வாரம் முழுக்கப் பேசியதில் இதுதான் சொல். திங்கட்கிழமை வகுப்பிலேயே பயன்படுத்தப் போகிறேன்.

யாழ்ப்பாணம், நூலகர்:

தரிசு எனக்கும் பிடிக்கிறது. ஆனால் 2024 மார்ச் 31-இல் யூபிசாஃப்ட் நிறுவனம் நிறுத்திய ‘த க்ரூ’ என்ற விளையாட்டு தரிசில் சேராது. சர்வர் இல்லாமல் அது தனியாளாகக்கூட ஓடாது. காசு கொடுத்து வாங்கியவர் கையில் ஒன்றுமே மிஞ்சவில்லை. மேய்வதற்குப் புல்லே இல்லை. விளையாட்டுகளை இப்படி முடக்கக் கூடாது என்று அதற்குப் பிறகு தொடங்கிய இயக்கத்தின் மனு ஐரோப்பாவில் 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. அந்த நிலைக்கும் ஒரு சொல் வேண்டும். ஞாயிறு இரவு ஆகிவிட்டது, இதை வேறு இழையில் வைத்துக்கொள்வோம்.

கோவை, மொழிபெயர்ப்பாளர்:

அனைவருக்கும் நன்றி. அச்சுக்குப் போவது இதுதான்: நிரலுக்கு நிகரி, நடத்தப்படுவதற்கு ரசிகர் வழங்கி, அபாண்டன்வேருக்குத் தரிசு மென்பொருள். முதல் முறை வரும் இடத்தில் ‘பிரைவேட் சர்வர் எனப்படும்’ என்று சேர்த்திருக்கிறேன். ஸ்கேப்கேமிங் பத்தியில் மட்டும் ‘ரசிகர்’ என்பதை எடுத்துவிட்டு வெறும் ‘வழங்கி’ என்று விட்டேன். அந்த இடத்தில் நூலகர் அக்காவுக்கு என்னால் மறுப்புச் சொல்ல முடியவில்லை.

யாழ்ப்பாணம், நூலகர்:

ஒரு பத்தியில் எடுக்க வேண்டியிருந்தால் அது கலைச்சொல் இல்லை, தம்பி. இரண்டாம் பதிப்பு வரும்போது ‘மாற்று வழங்கி’யோடு மறுபடியும் வருவேன்.

தஞ்சாவூர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

‘இரசிகர்’ என்று திருத்த இன்னும் நேரம் இருக்கிறதா?