ஸ்பீடு கன் சலான்: நான் 60-ஐத் தாண்டவே இல்லை, 84 என்று வந்திருக்கிறது. உதவி தேவை

பல்லடத்துப் பையன்
அவசரம். நேற்று இரவு அலைபேசிக்குச் சலான் வந்தது. வேகம் மணிக்கு 84 கிலோமீட்டர் என்று போட்டிருக்கிறார்கள். நான் 60-ஐத் தாண்டவே இல்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவே சாட்சி. ஞாயிற்றுக்கிழமை புளியமரத்து நிழலில் இரண்டு காவலர்கள் வேகம் அளக்கும் கருவியை நீட்டிக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். சரியாக அந்த இடத்தில் ஒரு தனியார் பஸ் என்னை முந்திப் போனது. பஸ்ஸின் வேகத்தை என் தலையில் கட்டிவிட்டார்கள். இதை எப்படி ரத்து செய்வது?

தறிக்காரன்
எந்தச் சாலை, என்ன வண்டி என்று ஒன்றுமே சொல்லவில்லையே தம்பி. முதலில் ஒன்று: குறுஞ்செய்தியில் இருக்கும் இணைப்பைத் தொடாதீர்கள். சலான் என்று சொல்லி ஏபிகே கோப்பை (அலைபேசியில் செயலியை நிறுவும் கோப்பு) அனுப்பி, வங்கிக் கணக்கைத் துடைத்துவிடுகிறார்கள். அரசின் பரிவாகன் இ-சலான் தளத்துக்கு நீங்களாகவே போய் வண்டி எண்ணைக் கொடுத்துப் பாருங்கள்.

பல்லடத்துப் பையன்
கார். காங்கேயத்திலிருந்து வரும்போது, அவினாசிபாளையம் தாண்டி. தளத்திலும் சலான் இருக்கிறது, போலி இல்லை.

காற்றாலை
பஸ்தான் காரணம், சந்தேகமே வேண்டாம். கருவி அனுப்பும் ரேடார் அலை போகப் போக விசிறி மாதிரி விரியும். தூரத்தில் சாலை முழுவதையும் மூடிவிடும். பெரிய தகரப் பரப்பு எதுவோ அதிலிருந்துதான் அலை பலமாகத் திரும்பும். காரும் பஸ்ஸும் சேர்ந்து வந்தால் கருவி பஸ்ஸைத்தான் பிடிக்கும். தைரியமாக வழக்காடுங்கள்.

அளவுகோல்
மாதம் ஒருவர் இதே கேள்வியோடு வருகிறார், பழைய இழைகளை ஒருவரும் படிப்பதில்லை. காற்றாலை சொல்வது ரேடாருக்குப் பொருந்தும். தோளுயரத்தில் பிடித்து, கண்ணாடி வழியாகக் குறிபார்க்கும் கருவி என்றால் அது பெரும்பாலும் லேசர். அதன் கற்றை 300 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலம்தான் இருக்கும். அகச்சிவப்பு ஒளித் துடிப்புகளை அடுக்கடுக்காக அனுப்புகிறது; ஒவ்வொன்றும் போய்த் திரும்பும் நேரத்தை அளந்து தூரத்தைக் கணக்கிடுகிறது. 300 மீட்டர் என்றால் போய்வர ஒரு வினாடியில் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு. 80-இல் வரும் வண்டி வினாடிக்கு 22 மீட்டர் நெருங்கும். தூரம் எப்படிக் குறைகிறதோ, அதுவே வேகம். பக்கத்து பஸ்ஸைக் குறை சொல்வதற்கு முன் உங்களைப் பிடித்தது எந்தக் கருவி என்று பார்த்திருக்க வேண்டும்.

காற்றாலை
லேசரும் தவறும் ஐயா. கை ஆடி, கற்றை வண்டியின் பக்கவாட்டில் முன்னிருந்து பின்னாக வழுக்கினால், கருவி அதையும் நகர்வாகவே எடுத்துக்கொள்ளும். முக்காலியில் வைத்துப் பிடித்தால் அது குறையும். கையில் நீட்டியதாகத்தான் தம்பி சொல்கிறார்.

அளவுகோல்
குறி எண் பலகையில் நின்றால் வழுக்காது. சாலையோரத்தில் கோணமாக நின்று பிடிப்பதால் வரும் பிழையோ ஓட்டுபவருக்குத்தான் சாதகம். 20 டிகிரி கோணத்தில் நின்றால், 80-இல் வரும் வண்டியை 75 என்றுதான் காட்டும்.

பழைய ஓட்டுநர்
தம்பி, டயர் மாற்றினீர்களா? நான் பார்த்த வரையில் பாதிச் சண்டைக்குக் காரணம் அதுதான். கம்பெனி டயரோடு இருந்தால் வேகமுள் உண்மையான வேகத்தைவிடக் கொஞ்சம் கூட்டித்தான் காட்டும், அப்படித்தான் செய்து தருகிறார்கள். உயரம் கூடிய டயர் போட்டால் ஒரு சுற்றுக்கு வண்டி கூடுதல் தூரம் ஓடும், முள்ளுக்கு அது தெரியாது. ஐந்து சதவீதம் உயரம் கூடினால் ஐந்து சதவீத வேகம் மறைந்துவிடும். டயர் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைச் சொல்லுங்கள், கணக்குப் போட்டுத் தருகிறேன்.

தறிக்காரன்
அண்ணா, 60-க்கும் 84-க்கும் நடுவே 24 இருக்கிறது. டயர் அவ்வளவு மறைக்காது.

வாய்தா
வழக்காடுவது என்றால் இவற்றைக் கவனியுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 183-ஆவது பிரிவுப்படி, ஒரே ஒரு சாட்சி "வேகமாகப் போனதாக நினைக்கிறேன்" என்றால் தண்டிக்க முடியாது. இயந்திர அல்லது மின்னணுக் கருவியின் அளவீடு வேண்டும். உங்கள் சலானில் அது இருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 2021-இல் வந்த 167ஏ விதி, கருவிக்கு ஒப்புதல் சான்றிதழ் வேண்டும் என்கிறது, அதை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கண்காணிப்பு நடக்கும் இடத்தில் எச்சரிக்கைப் பலகை இருக்க வேண்டும். சான்றிதழைக் கேட்டு எழுதலாம். காருக்கு அபராதம் 1,000 முதல் 2,000 ரூபாய், கனரக வண்டிக்கு 2,000 முதல் 4,000. அதே விதி அறிவிப்பு அனுப்ப 15 நாள் தருகிறது. அதனால் சலான் வந்த நாளைப் பார்க்காதீர்கள், குற்றம் நடந்த தேதியையும் நேரத்தையும் பாருங்கள். படமும் இருக்கும். பார்த்தீர்களா?

நொய்யல்கரை
புளியமரத்துக்குப் பின்னால் ஒளிந்து நின்று பிடிப்பதே நியாயமில்லை. அதனால்தான் எதிரே வருகிறவர்களுக்கு நான் விளக்கைச் சிமிட்டிச் சொல்லிவிடுகிறேன். ஓட்டுபவனுக்கு ஓட்டுபவன் செய்யும் உதவி அது.

தோட்டத்து வீடு
அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் எங்கள் காடு. பால் கேனை எடுத்துக்கொண்டு காலையில் ஐந்தரைக்கும் மாலையில் ஐந்தரைக்கும் நான் கடக்க வேண்டும். 60-இல் வரும் வண்டிக்குப் பிரேக் பிடித்து நிற்க என்ன தூரமோ, 80-இல் வந்தால் அது ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு. வேகம் கூடும்போது தூரம் அதன் வர்க்கத்தில் கூடுகிறது. போன தையில் எங்கள் சித்தப்பா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பாதிச் சாலை வந்துவிட்டார். கார்க்காரர் பிரேக் பிடித்தார், தேய்ந்த கறுப்புக் கோடு இன்னும் இருக்கிறது. கோடு முடிகிற இடம் அவர் விழுந்த இடத்தைத் தாண்டி. நீங்கள் விளக்கைச் சிமிட்டிவிட்டுப் போன பிறகு அந்த வண்டி மரத்தைத் தாண்டியதும் மறுபடி மிதிக்கிறது. நான் நிற்பது அங்கேதான்.

நொய்யல்கரை
சித்தப்பாவுக்கு நேர்ந்தது கொடுமை அம்மா. ஆனால் விளக்கைப் பார்த்தவன் ஒரு கிலோமீட்டராவது மெதுவாகப் போகிறான். சலான் பத்து நாள் கழித்து வந்து யாரைக் காப்பாற்றுகிறது? காவலர்கள் வெளிப்படையாகச் சாலையில் நின்றால் எல்லோரும் குறைப்பார்களே.

தோட்டத்து வீடு
நிற்கட்டும், நானும் அதைத்தான் கேட்கிறேன். எங்கள் கடவையில் நிற்கட்டும். மனு கொடுத்து எட்டு மாதம் ஆகிறது.

அளவுகோல்
கேள்வி கேட்டவர் எங்கே? கருவியின் பெயர், குற்ற நேரம், படம், ஒன்றும் வரவில்லை. இப்படிக் கேட்டால் யாராலும் உதவ முடியாது.

பல்லடத்துப் பையன்
மன்னிக்கவும், கடையில் வேலை. வாய்தா அண்ணா சொன்ன பிறகு தளத்தில் படத்தைத் திறந்தேன். தேதி ஞாயிறு இல்லை, அதற்கு முந்தைய வியாழன், காலை 5.48. குறி எங்கள் எண் பலகை மேல் இருக்கிறது, பக்கத்தில் பஸ் எதுவும் இல்லை. அன்று வண்டியை எடுத்துப் போனது மைத்துனர், தாராபுரத்தில் ஒரு வளைகாப்புக்கு. கேட்டேன், ஒப்புக்கொண்டார். பணம் கட்டியாகிவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

தோட்டத்து வீடு
5.48 என்றால் நான் பால் ஊற்றிவிட்டுத் திரும்புகிற நேரம் தம்பி. அவரிடம் சொல்லுங்கள்.

பழைய ஓட்டுநர்
டயர் எண்ணையும் சொல்லிவிட்டுப் போங்கள் தம்பி.