ஹார்ட் குழு 1985க்கு அப்புறமும் அதே ஹார்ட்தானா?

கேள்வி:
ஆன், நான்சி வில்சன் சகோதரிகளின் அமெரிக்க ராக் குழுவான ஹார்ட்டை எழுபதுகளின் ஆல்பங்கள் வழியாகத்தான் எனக்குப் பழக்கம். 1977இல் வந்த 'பாரகுடா'வில் குதிரை பாய்வது மாதிரி ஓடுமே அந்த கிதார், அதற்காகவே திரும்பத் திரும்பக் கேட்பேன். அப்புறம் 1985 ஆல்பத்தைப் போட்டால் கீபோர்டும் எதிரொலிக்கும் டிரம்ஸும்தான் முன்னால் நிற்கின்றன, ஹிட்டான பாடல்களில் பெரும்பாலானவற்றை எழுதியதும் வெளியாட்கள். விற்பனைக்காகத் தங்களையே விட்டுக்கொடுத்துவிட்டார்களா?

பதில் 1:
அதற்கு முந்தைய சில வருடங்களையும் பாருங்கள். 1982, 1983 ஆல்பங்கள் சரியாகப் போகவில்லை, பழைய கம்பெனியும் கைவிட்டது. கேப்பிட்டல் என்ற இசைக் கம்பெனி எடுத்துக்கொண்டபோது வெளியாட்கள் பாட்டையும் பாட வேண்டும் என்ற நெருக்கடி இருந்தது. அந்த 1985 ஆல்பம்தான் அமெரிக்காவில் அவர்களுடைய முதல் நம்பர் 1 ஆல்பம். மார்ட்டின் பேஜும் எல்டன் ஜானுக்கு வரிகள் எழுதும் பெர்னி டாபினும் எழுதிய 'தீஸ் ட்ரீம்ஸ்', 1986இல் அவர்களுக்கு முதல் நம்பர் 1 பாட்டு. அதைப் பாடியது வழக்கமாக முன்னணியில் பாடும் ஆன் இல்லை, நான்சி. பிழைத்திருக்க வேண்டிய குழுவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பதில் 2:
'அலோன்' பாட்டை பில்லி ஸ்டைன்பெர்கும் டாம் கெல்லியும் எழுதி, 1983இல் ஐ-டென் என்ற பெயரில் அவர்களே பாடி வெளியிட்டார்கள், யாரும் கண்டுகொள்ளவில்லை. 1987இல் ஆன் பாடியதும் மூன்று வாரம் நம்பர் 1. பல்லவியில் அந்தக் குரல் எகிறும் இடத்தைக் கேட்டுவிட்டு இது வெளியாள் பாட்டு என்று சொல்லுங்கள் பார்ப்போம்.

பதில் 3:
வெளியாள் என்று எல்லாரையும் ஒரே கணக்கில் சேர்க்காதீர்கள். பான் ஜோவி குழுவின் 1986 ஆல்பத்துக்குப் பாடலாசிரியர் டெஸ்மண்ட் சைல்ட் வந்தார், ஆனால் அந்தக் குழுவின் பாடகர் ஜான் பான் ஜோவியோடும் கிதார் கலைஞர் ரிச்சி சம்போராவோடும் கூட உட்கார்ந்து எழுதினார், அதனால் பாட்டு குழுவின் பேச்சாகவே இருந்தது. ஹார்ட்டுக்குப் பல பாடல்கள் முழுதாக எழுதி முடித்துத்தான் கைக்கு வந்தன. அதில் எது பொருந்துகிறது என்பது பாடுபவரின் அதிர்ஷ்டம். 1990இல் தயாரிப்பாளர் மட் லேங் எழுதிக் கொடுத்த 'ஆல் ஐ வான்னா டூ இஸ் மேக் லவ் டு யூ' பாட்டு இரண்டாம் இடம் வரை போனது, ஆனால் அது பிடிக்கவில்லை என்று ஆன் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார். என் வருத்தமெல்லாம் அங்கேதான். தனக்குப் பிடிக்காத பாட்டை மேடைக்கு மேடை தன் கதை போலப் பாட வேண்டியிருப்பது பெரிய கொடுமை.

கேட்டவர்:
சரி, 'அலோன்' விஷயத்தில் ஒத்துக்கொள்கிறேன். 1995இல் லெட் ஜெப்பலின் குழுவில் இருந்த ஜான் பால் ஜோன்ஸ் தயாரித்த அக்கூஸ்டிக் மேடைப் பதிவில் அதை இப்போதுதான் கேட்டேன். எண்பதுகளின் சத்தமெல்லாம் போன பிறகும் பாட்டு அப்படியே நிற்கிறது.