டயாலிசிஸ்: பத்தியம் மிஞ்சினால் ஆல்புமின் (ரத்தப் புரதம்) இறங்கும்

உணவியல் ஆலோசகர், தருமபுரி:

பென்னாகரம், பாலக்கோடு பக்கமிருந்து டயாலிசிஸுக்கு வருகிறவர்களிடம் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் பலரும் சொல்வது: "காலையில ரெண்டு இட்லி, மத்தியானம் களி, ராத்திரி கஞ்சி." டயாலிசிஸுக்கு முன்னால் கிட்னியைக் காப்பாற்றச் சொன்ன புரதக் குறைப்புப் பத்தியத்தை மெஷினில் ஏறிய பிறகும் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பார்கள். ஏறிய பிறகு கணக்கே வேறு. கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம், அதாவது 55 கிலோ ஆளுக்குத் தினம் 55 முதல் 66 கிராம். 100 கிராம் ராகி மாவில் இருப்பது 7 கிராம்தான். ஒவ்வொரு டயாலிசிஸிலும் 6 முதல் 12 கிராம் அமினோ அமிலம் வேறு வெளியே போய்விடுகிறது.

ஒரு வேளை களி, 150 கிராம் அரிசி, மூன்று முட்டை வெள்ளை, 100 கிராம் மீன் அல்லது கோழி, ஒரு கைப்பிடி துவரம்பருப்பு, அரை டம்ளர் தயிர்: இதில் 55 வந்துவிடும். இவர்கள் குறைக்க வேண்டிய பாஸ்பரஸ் முட்டை வெள்ளையில் மிகச் சொற்பம். மஞ்சள் கருவில்தான் அது. சோற்றைக் குறைத்தால் சாப்பிட்ட புரதம் சக்திக்காக எரிந்துபோகும், அதனால் கலோரியையும் பாருங்கள்: கிலோவுக்கு 25 முதல் 35.

டயாலிசிஸ் பிரிவு செவிலியர், கிருஷ்ணகிரி:

மேடம் சொல்லும் அதே ஆட்கள்தான் கதீட்டர் (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாயில் செருகிய குழாய்) காய்ச்சலிலும் அடிக்கடி படுக்கிறார்கள். யூரியா கழிவு தேங்கிய ரத்தத்தில் வெள்ளணுக்கள் ஏற்கனவே மந்தம். புரதமும் இல்லையென்றால் கேட்கவே வேண்டாம். இவர்களுக்குக் காய்ச்சல் 102 வரை ஏறும் என்று காத்திருக்கக் கூடாது, 100 தொட்டாலே சொல்லணும். மெஷின் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் குளிர் நடுக்கம் வந்தால் முதல் சந்தேகம் கதீட்டர் மேல்தான். ஆன்டிபயாட்டிக்குக்கு முன்னாலேயே இரண்டு செட் ரத்தக் கல்ச்சர் (கிருமி வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை) எடுக்கணும். வீட்டிலேயே கடை மாத்திரை போட்டுக்கொண்டு வந்தால் கல்ச்சரில் கிருமி வளராமலே போகலாம், எந்த மருந்து கேட்கும் என்று தெரியாது. காய்ச்சல் அடங்கும்வரை இரும்புச்சத்து ஊசி வேண்டாம்.

ஹெபடைடிஸ் பி ஊசியிலும் இதே கோளாறு. சாதாரண ஆளுக்குப் போடும் 20 மைக்ரோகிராம் இவர்களுக்குப் போதாது. 40 மைக்ரோகிராம், முதல் நாள், பின் 1, 2, 6 மாதங்களில், ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக் குழாய்களை இணைத்த இடம்) இல்லாத கையின் தோள் தசையில். இடுப்பில் போட்டால் பலன் குறையும். கடைசி ஊசி முடிந்து ஒன்று, இரண்டு மாதத்தில் ஆன்டிபாடி (எதிர்ப்புப் புரதம்) அளவு மில்லிக்கு 10 மில்லி யூனிட்டுக்கு மேல் வந்ததா என்று பார்க்காமல் விட்டால் போட்டும் போடாத மாதிரிதான். பிறகு வருஷத்துக்கு ஒருமுறை.

இன்னொன்று: ஆல்புமின் டெசிலிட்டருக்கு 3 கிராமுக்குக் கீழே என்றதும் புரதப் பவுடர் டப்பாவை நீட்டாதீர்கள். முதலில் சி.ஆர்.பி. (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். அது ஏறியிருந்தால் சொத்தைப் பல், சர்க்கரைப் புண், டி.பி. என்று எங்கோ ஒளிந்திருப்பதைத் தேடணும். உடம்பில் நீர் கோத்திருந்தாலும் ஆல்புமின் குறைவாகத்தான் காட்டும்.

டெக்னீஷியன், தருமபுரி:

சிஸ்டர், தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு 500 மில்லி வீதம் நாலு மணி நேரத்தில் 120 லிட்டர் மெஷினில் ஓடுகிறது, அதற்கும் நோயாளி ரத்தத்துக்கும் நடுவில் ஒரு மெல்லிய சவ்வுதான். நம்ம மாவட்ட போர் தண்ணீரின் ஃப்ளோரைடு ஊரறிந்தது. குடிக்க 1.5 மில்லிகிராம் வரை விடுவார்கள். டயாலிசிஸ் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 தாண்டக் கூடாது. தண்ணீரைச் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. மெம்பிரேன் தேய்ந்தால், கரைந்த உப்பை அளக்கும் கண்டக்டிவிட்டி மீட்டர் காட்டிக்கொடுக்கும். எண்டோடாக்ஸினை (பாக்டீரியா விடும் நச்சு) அது காட்டாது. அந்த நச்சு ரத்தத்தில் சேர்ந்தால் காய்ச்சலே இல்லாமல் பசி மட்டும் மங்கி, ஆல்புமின் மெதுவாக இறங்கும். ஒரே ஷிஃப்டில் இரண்டு மூன்று பேருக்கு நடுக்கம் என்றால் கதீட்டரை விட்டுவிட்டு லூப்பை (மெஷின்களுக்குத் தண்ணீர் சுற்றிவரும் குழாய்) பாருங்கள்.

உணவியல் ஆலோசகர், தருமபுரி:

ரத்தத்தில் பொட்டாசியம் ஏறிவிடுமோ என்ற பயம் நியாயம்தான், ஆனால் தப்பான இடத்தில் காட்டுகிறார்கள். முட்டையை நிறுத்திவிட்டுக் கொள்ளு ரசம் குடிப்பார்கள். கொள்ளில் இருந்த பொட்டாசியம் பெரும்பாலும் அந்த வெந்த தண்ணீரில்தான் இருக்கிறது! கீரையைப் பொடியாக அரிந்து, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துக் கொட்டிவிட்டுக் கடையலாம். புளியைக் குறைக்கணும். மாம்பழ சீசனில் ஒரு சின்னக் கீற்று, அதுவும் ரத்தத்தில் பொட்டாசியம் பார்த்துவிட்டு. 'லோ சோடியம்' உப்பு அறவே வேண்டாம், அதில் இருப்பதே பொட்டாசியம் குளோரைடு. பாஸ்பேட்டைக் கட்டிப்போடும் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடணும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் வேலை செய்யாது.