சர்ட்டிபிகேட் ரிஜெக்ட் ஆயிட்டு, நாலு நாள்தான் இருக்கு, அவசரம்

முக்கூடல்_மாமா:
அக்கா மகளுக்குப் போட்ட சர்ட்டிபிகேட் ரிஜெக்ட் என்று மெசேஜ் வந்திருக்கிறது. எல்லாம் சரியாகத்தான் கொடுத்தோம். கடைசித் தேதிக்கு இன்னும் நாலு நாள்தான், அக்கா நேற்றிலிருந்து சாப்பிடாமல் அழுதுகொண்டிருக்கிறாள். திரும்பப் போடலாமா, இல்லை பிள்ளைக்கு வருசம் போய்விடுமா? தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

பாளை_பஸ்டாண்டு:
என்ன சர்ட்டிபிகேட் அண்ணாச்சி? சாதியா, வருமானமா, இருப்பிடமா? இன்ஜினியரிங்கா, ஆர்ட்ஸ் காலேஜா? மொட்டையாகக் கேட்டால் என்னத்தைச் சொல்ல?

சந்திப்பு_சரவெடி:
சந்தேகமே வேண்டாம், இனிஷியல்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், டிசியில் முன்னால் இருக்கும், ரேஷன் கார்டில் இருக்கவே இருக்காது. என் மகனுக்கு இதற்காகவே மூன்று தடவை அலைந்தேன். முதலில் ஆதாரைத் திருத்துங்கள்.

நெட்சென்டர்_அண்ணாச்சி:
ஆதாரைத் திருத்தப் போனால் நாலு நாள் அதிலேயே போய்விடும் வே. நான் கேட்பது வேறு. விண்ணப்பத்தில் யார் ஃபோன் நம்பர்? பாதிப் பேர் சென்டர்காரன் நம்பரையே போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். அப்புறம் ஓடிபி அவனுக்குப் போகும், அவன் கடையைப் பூட்டிவிட்டுக் குற்றாலம் போயிருப்பான். நானும் சென்டர் வைத்திருக்கிறவன்தான், அதனால் சொல்லுகிறேன்.

வண்ணார்பேட்டை_வாத்தியார்:
ஒவ்வொரு வருடமும் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் இதே கூத்து. என்ன சான்று, எந்தப் படிப்பு, என்ன காரணம் என்று மூன்று வரி எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையை இன்ஜினியர் ஆக்கக் கிளம்பிவிடுகிறார்கள். மெசேஜில் இருப்பதை அப்படியே எழுதும் ஐயா. ஜோசியம் பார்க்க எங்களுக்கு நேரமில்லை.

முக்கூடல்_மாமா:
கோபப்படாதீங்க சார், பஸ்ஸில் நின்றுகொண்டு டைப் பண்ணுகிறேன். ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சர்ட்டிபிகேட், குடும்பத்திலேயே முதல் பட்டதாரி என்று கொடுப்பார்களே அது. இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு. கட் ஆஃப் 168.5. இ-சேவையில் 60 ரூபாய் கட்டிப் போட்டோம், நம்பர் என் நம்பர்தான். விஏஓ வீட்டுக்கே வந்து விசாரித்தார், தங்கமான மனுசன், டீ குடித்துவிட்டுத்தான் போனார். அப்புறம்தான் இப்படி ஆகிவிட்டது.

பாளை_பஸ்டாண்டு:
வீட்டில் வேறு யாராவது டிகிரி முடித்திருக்கிறார்களா? தாய்மாமாவாகிய நீர் படித்திருந்தால் அது கணக்கில் வராது. அப்பா, அம்மா, இரண்டு பக்கத் தாத்தா பாட்டி, கூடப்பிறந்தவர்கள், இவர்கள்தான் கணக்கு.

முக்கூடல்_மாமா:
யாரும் இல்லை. பிள்ளைக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கிறான், அவன் சும்மா பி.காம், எம்.எஸ். யுனிவர்சிட்டியில் தபாலில் படித்தான். காலேஜ் வாசலையே மிதிக்கவில்லை, இப்போது பலசரக்குக் கடையில் நிற்கிறான். அதெல்லாம் ஒரு டிகிரியா?

வண்ணார்பேட்டை_வாத்தியார்:
தபாலில் வந்தாலும் தலையில் வந்தாலும் டிகிரி டிகிரிதான். இதை முதல் வரியிலேயே சொல்லியிருந்தால் இத்தனை பேர் ஆதாரைத் திருத்தியிருக்க வேண்டாம்.

நெட்சென்டர்_அண்ணாச்சி:
கவுன் போட்ட போட்டோ வீட்டில் தொங்குகிறதா?

முக்கூடல்_மாமா:
ஆமா. ஸ்டுடியோவில் கவுன் மாட்டி எடுத்தது, மாலை வேறு போட்டு வைத்திருக்கிறாள் அக்கா. விஏஓ அதற்கு நேர் கீழேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

சந்திப்பு_சரவெடி:
🤣 ரேஷன் கார்டிலிருந்து பையன் பெயரை எடுத்துவிட்டுத் திரும்பப் போடும் வே, வேலை முடிந்தது.

பாளை_பஸ்டாண்டு:
அப்படி எதுவும் செய்துவிடாதீர்கள். அது கூட்டு உறுதிமொழி, மாணவியும் பெற்றோரும் கையெழுத்துப் போடுவது. நாளைக்குப் பிள்ளை தலையில்தான் விடியும். முதலில் அக்காவைச் சாப்பிடச் சொல்லுங்கள். இந்தச் சான்று இல்லை என்பதற்காகக் கவுன்சிலிங் விண்ணப்பம் தள்ளுபடி ஆகாது, ரேங்கும் குறையாது. கட் ஆஃப் என்பது கணக்கு 100, இயற்பியல் 50, வேதியியல் 50, அதில் இந்தச் சான்றுக்கு வேலையே இல்லை. டியூஷன் ஃபீஸ் சலுகை மட்டும்தான் போகும். ஃபர்ஸ்ட் கிராஜுவேட்டா என்று கேட்கும் இடத்தில் 'இல்லை' கொடுத்து, சாதிச் சான்று, மார்க் ஷீட், டிசி ஏற்றி முடித்துவிடுங்கள். அப்புறம், பிள்ளை 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியா? அப்படியென்றால் 7.5 சதவீத ஒதுக்கீட்டில் சீட் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும், இந்தச் சான்றே வேண்டாம்.

முக்கூடல்_மாமா:
8 வரை ஊர் மிஷன் பள்ளிக்கூடம். 9லிருந்து அரசு மேல்நிலைப் பள்ளி.

பாளை_பஸ்டாண்டு:
ஆர்டிஇ சட்டத்தில், அதாவது தனியார் பள்ளியில் இலவச இடத்தில் சேர்ந்ததா?

முக்கூடல்_மாமா:
அதெல்லாம் இல்லை. அது எய்டட், அரசு உதவி பெறும் பள்ளி.

பாளை_பஸ்டாண்டு:
அப்போ 7.5 கிடையாது. எய்டட் பள்ளி அதில் வராது.

தாமிரபரணி_தண்ணி:
இதுதான் அநியாயம். நம்ம பக்கம் பாதி ஊரில் நடுநிலைப் பள்ளி என்றாலே மிஷன் பள்ளிக்கூடம்தான், அரசுப் பள்ளிக்குப் போக வேண்டுமென்றால் மூன்று மைல் நடக்க வேண்டும். அங்கே படித்தவன் எல்லாம் பணக்காரனா? அதே சத்துணவு, அதே புத்தகம்.

வண்ணார்பேட்டை_வாத்தியார்:
எய்டட் பள்ளிகளைச் சேர்த்தால் பாளையங்கோட்டையின் பெரிய பள்ளிகளும் உள்ளே வந்துவிடும். அப்புறம் மலையடிவாரத்து அரசுப் பள்ளிப் பிள்ளை எங்கே போட்டி போடும்? இந்த 7.5-க்கான 2021 சட்டம் யோசித்துத்தான் போட்டது.

தாமிரபரணி_தண்ணி:
பெரிய பள்ளியும் எங்கள் ஊர் ஓட்டுக் கட்டடமும் ஒன்றா சார்? ஒரு வாத்தியார் மூன்று வகுப்பை வைத்துக்கொண்டு மல்லாடுகிற பள்ளி அது. காலேஜ் போகும் பெண் பிள்ளைகளுக்கான மாதம் 1000 ரூபாயில் எய்டட் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களையும் 2024 டிசம்பரில் சேர்த்தார்களே, அதில் முடிந்தது இதில் ஏன் முடியாது?

சந்திப்பு_சரவெடி:
அரசியல் பேச வேறு இழை திறவுங்கள் வே.

நெட்சென்டர்_அண்ணாச்சி:
இவர்கள் சண்டையை விடும். அந்த 1000 ரூபாய் புதுமைப்பெண் திட்டம், காலேஜில் சேர்ந்த பிறகு அங்கேயே கேட்டு எழுதிக் கொடுக்கணும். இன்னொன்று, அக்கா பீடி சுற்றுகிறவர்களா? முக்கூடல் என்பதால் கேட்கிறேன். பீடித் தொழிலாளி அடையாள அட்டை இருந்தால் பிள்ளைகளுக்கு மத்திய அரசு உதவித்தொகை உண்டு, தேசிய உதவித்தொகை தளத்தில் போடணும். கவுன்சிலிங் சாய்ஸ் லிஸ்டில் எத்தனை காலேஜ் வேண்டுமானாலும் போடலாம், அரசுக் கல்லூரிகளை மேலே போட்டுவிட்டு மற்றதைக் கீழே போடும். ஃபீஸில் அங்கேதான் மிச்சம்.

பாளை_பஸ்டாண்டு:
என்ன ஆச்சு அண்ணாச்சி?

பாளை_பஸ்டாண்டு:
ஆளையே காணோம். விண்ணப்பம் முடித்தீர்களா?

முக்கூடல்_மாமா:
முடித்துவிட்டோம். 'இல்லை' என்று கொடுத்தோம். பீடி அட்டை தகரப்பெட்டியில் இருந்தது, நம்பர் அழிந்து போயிருக்கிறது, திங்கட்கிழமை போய்க் கேட்கணும். எல்லாருக்கும் நன்றி. போட்டோவைக் கழற்றச் சொன்னதற்கு அக்கா என்னைத் திட்டிவிட்டாள்.