பேக்-12ஐக் கொன்றது தொலைக்காட்சியா, சொந்தப் பேராசையா?

புல்மன்வாசி:
2023 ஆகஸ்ட் 4ஆம் தேதி ஒரே நாளில் ஐந்து பல்கலைக்கழகங்கள், பேக்-12 என்ற அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுக் கூட்டமைப்பை விட்டு மூட்டை கட்டின. ஓரிகனும் வாஷிங்டனும் பிக் டென் என்ற போட்டிக் கூட்டமைப்புக்கு. அரிசோனா, அரிசோனா ஸ்டேட், யூட்டா மூன்றும் பிக் 12 என்ற இன்னொன்றுக்கு. 1915இல் வேர்விட்ட பேக்-12இல் கடைசியாக மிஞ்சியவை ஓரிகன் ஸ்டேட்டும், புல்மன் ஊரில் நான் படித்த வாஷிங்டன் ஸ்டேட்டும்தான். ஆட்டத்தில் தோற்றதால் இந்த நிலை வரவில்லை. விளம்பரக்காரர்கள் விரும்பும் பெருநகரம் எங்களிடம் இல்லை, அவ்வளவுதான். எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று தொலைக்காட்சி நிறுவனங்கள் நடந்துகொண்டன.

கணக்கப்பிள்ளை:
வருத்தம் நியாயமானது. ஆனால் வீட்டுக்குத் தீ வைத்தவர் யார்? பிக் டென் தன் சானலை ஃபாக்ஸ் தொலைக்காட்சி நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து தொடங்கியது. பேக்-12ஓ முழு லாபமும் தனக்கே வேண்டும் என்று 2012இல் தனியாக இறங்கியது. செயற்கைக்கோள் தொலைக்காட்சி நிறுவனமான டைரக்டிவி கடைசிவரை அந்தச் சானலை எடுக்கவே இல்லை. சொந்த ரசிகன் வீட்டுக்கே போய்ச் சேராத சானல்! பிறகு 2022 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் பல்கலைக்கழகங்களான யுஎஸ்சியும் யுசிஎல்ஏயும் விலகி பிக் டென்னுக்குப் போவதாக அறிவித்தன. அதன்பின் ஓராண்டுக்கும் மேல் பேக்-12 தலைமை புதிய ஒளிபரப்பு ஒப்பந்தம் இல்லாமலே இழுத்தடித்தது. அதற்குள் பிக் 12, 2022 அக்டோபரிலேயே ஈஎஸ்பிஎன், ஃபாக்ஸ் தொலைக்காட்சிகளுடன் பேசி முடித்துவிட்டது. கடைசியில் பேக்-12 கையில் இருந்தது ஆப்பிளின் இணையவழி ஒளிபரப்புத் திட்டம் ஒன்றுதான்; அதிலும் சந்தாதாரர் கூடினால்தான் வருமானம் கூடும்.

புல்மன்வாசி:
அந்த யுஎஸ்சி ஏன் போனது என்பதுதானே கேள்வி? 2022 ஆகஸ்டில் பிக் டென் ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றோடும் ஏழு ஆண்டுக்கு 700 கோடி டாலருக்கு மேல் ஒப்பந்தம் செய்தது. லாஸ் ஏஞ்சலஸ் கையில் இல்லாமல் அந்த விலை வந்திருக்குமா? பேக்-12 ஆட்டங்களை விலைக்கு வாங்கியவர்களில் ஒருவர் ஃபாக்ஸ். பிக் டென் சானலில் பாதிக்கு மேல் பங்கு வைத்திருப்பவரும் அதே ஃபாக்ஸ். பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்!

கைப்பந்துக்காரி:
நீங்கள் இருவருமே அமெரிக்கக் கால்பந்தைத் தாண்டி வரவில்லை. பேக்-12இல் இருந்த, பசிபிக் கரையின் ஸ்டான்ஃபோர்டு இப்போது அட்லாண்டிக் கரைப் பெயரைச் சுமக்கும் ஏசிசி கூட்டமைப்பில் ஆடுகிறது. கால்பந்துக்கு வாரம் ஒரே ஆட்டம், பெரும்பாலும் சனிக்கிழமை. கைப்பந்து, சாஃப்ட்பால் பெண்களுக்கோ வாரத்துக்குப் பல ஆட்டங்கள். நாட்டின் மறு கரைக்குப் போய் ஆடித் திரும்பி, மறுநாள் காலை வகுப்பில் உட்கார வேண்டும். ஒப்பந்தம் எழுதிய மேசையில் அவர்களை நினைத்தவர் யார்?

கணக்கப்பிள்ளை:
அந்த அணிகளின் செலவையும் பெரும்பாலும் சுமப்பது கால்பந்துப் பணம்தான், அம்மா. இன்னொன்றும் சொல்கிறேன். கல்லூரிக் கால்பந்தின் ஒளிபரப்பு உரிமை முன்பு கல்லூரி விளையாட்டுகளின் தலைமை அமைப்பான என்சிஏஏயின் பிடியில் இருந்தது. 1984இல் உச்ச நீதிமன்றம் அதை உடைத்தது. வழக்குப் போட்டவர்கள் ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்களின் நிர்வாகங்கள், தொலைக்காட்சிக்காரர்கள் அல்ல. இன்றும் பாருங்கள், டல்லஸின் எஸ்எம்யு பல்கலைக்கழகம் ஒன்பது ஆண்டுகளுக்கு ஒளிபரப்புப் பங்கே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்து ஏசிசியில் சேர்ந்தது. அவர்களை யார் கட்டாயப்படுத்தினார்கள்?

புல்மன்வாசி:
பந்தியில் இடம் கிடைத்தால் போதும், சோறு பிறகு வரட்டும் என்று வெறும் இலை முன் உட்கார்ந்தவர்கள் அவர்கள். அந்தப் பந்தியில் பரிமாறுகிறவர் யார் என்று பாருங்கள்: ஏசிசி ஆட்டங்களை ஒளிபரப்பும் ஈஎஸ்பிஎன்.