மெடிக்கல் ஸ்கூல் லெட்டர்: ஏ கொடுத்தவரா, என்னைத் தெரிஞ்சவரா?

குடந்தைப் பொண்ணு:
வணக்கம். நியூ ஜெர்சியில ஒரு ஸ்டேட் யுனிவர்சிட்டியில மூணாவது வருஷம் படிக்கிறேன். பத்தாவது வரைக்கும் கும்பகோணம். வர்ற ஜூன்ல மெடிக்கல் ஸ்கூலுக்கு அப்ளை பண்ணணும். நான் பார்த்து வச்சிருக்கிற ஸ்கூல்ல பலதும் சயின்ஸ் ப்ரொஃபசர் ரெண்டு பேர், சயின்ஸ் அல்லாதவர் ஒருத்தர்னு பரிந்துரை லெட்டர் கேக்குது. எங்க காலேஜ்ல கமிட்டி லெட்டர், அதாவது காலேஜே ஒரு குழு வச்சு மாணவருக்காக அனுப்புற லெட்டர், கிடையாது. யார்கிட்ட கேக்கிறதுன்னு நான்தான் முடிவு பண்ணணும்.

ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில ஏ. ஆனா அது 280 பேர் உக்கார்ற ஹால், ப்ரொஃபசருக்கு என் முகமே தெரியாது. பிசிக்ஸ்ல பி ப்ளஸ்தான். முதல் மிட்டர்ம்ல 54 வாங்கினேன். அன்னைக்கு ராத்திரி ரூம்ல அழுதேன். அடுத்த வாரத்துலேர்ந்து செவ்வாய்க்கிழமை தவறாம பிசிக்ஸ் மேடத்தோட ஆஃபீஸ் அவர்ஸுக்கு (ரூமுக்கே போய் சந்தேகம் கேக்கிற நேரம்) போனேன். சர்க்யூட் கணக்கு பிடிபட்ட அன்னைக்கு, அடுத்து சந்தேகம் கேட்டு வந்த பையனுக்கு "நீயே சொல்லிக்கொடு"ன்னு மார்க்கரை என் கையில கொடுத்தாங்க. பி ப்ளஸ் போட்டவங்ககிட்டயே லெட்டர் கேக்கலாமா?

இன்னொண்ணு. மாமாவோட நண்பர் பெரிய ஹார்ட் சர்ஜன். ரெண்டு தீபாவளிக்கு அவரைப் பார்த்திருக்கேன், அவ்வளவுதான். "அவரே எழுதித் தர்றேங்கிறாரே, வேண்டாம்னு சொல்லலாமா?"ன்னு அம்மா கேக்கிறாங்க. அம்மாவுக்கு எப்படிப் புரிய வைக்கிறது?

பால்டிமோர் அக்கா:
தங்கச்சி, மேடம்கிட்டயே கேளு. நான் இப்ப மெடிக்கல் ஸ்கூல் ரெண்டாவது வருஷம். எங்க காலேஜ்ல கமிட்டி இருந்துச்சு. டிபார்ட்மென்ட் ஹெட்கிட்ட லெட்டர் வாங்கியே தீரணும்னு வாங்கினேன். ஆறு லெட்டர் வந்ததும் அட்வைசர் கூப்பிட்டு, "அஞ்சை மட்டும் அனுப்பலாம்"னாங்க. எதை விட்டாங்கன்னு சொல்லல. எனக்குப் புரிஞ்சிடுச்சு.

இன்டர்வியூவுல பேச்சு வந்தது என் ஸ்பானிஷ் டீச்சர் லெட்டரைப் பத்தி. இலவச கிளினிக்ல ஃபார்ம் நிரப்புற வேலையில இருந்தேன். ஒரு பாட்டி எடை "செதென்தா"ன்னு சொன்னாங்க, 70. நான் "செசென்தா"ன்னு கேட்டு 60ன்னு எழுதிட்டேன். வீட்டுக்குக் கிளம்புறப்ப உறைச்சுது, ஓடிப்போய் நர்ஸ்கிட்ட சொல்லித் திருத்தினேன். அதை கிளாஸ்ல சொன்னதை டீச்சர் ஞாபகம் வச்சு எழுதியிருந்தாங்க. அதனால சயின்ஸ் அல்லாத லெட்டர்தானேன்னு அசட்டையா விட்டுடாதே.

கேக்கிறப்ப நேர்ல போய்க் கேளு. "லெட்டர் எழுதுவீங்களா?"ன்னு கேட்டா யாரும் சரின்னுடுவாங்க. "என்னைப் பத்தி அழுத்தமா எழுத முடியும்னு நினைக்கிறீங்களா?"ன்னு கேளு. இழுத்தாங்கன்னா நன்றி சொல்லிட்டு வந்துடு. செமஸ்டர் முடியிற வரைக்கும் காத்திருக்காதே, எல்லாரும் அப்பத்தான் போய் நிப்பாங்க.

பிட்ஸ்பர்க் மருத்துவர்:
நான் உள்நோய் மருத்துவன். கற்பிக்கும் கல்லூரியில் சில ஆண்டுகளாக விண்ணப்பங்களைப் படித்து வருகிறேன். "என் வகுப்பில் ஏ வாங்கினார், அமைதியானவர், நேரத்துக்கு வருவார்" என்ற கடிதத்தால் எனக்கு எந்தப் பயனும் இல்லை. மதிப்பெண் பட்டியலில் பி ப்ளஸ் மட்டும்தான் தெரியும். 54க்குப் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதை அந்தப் பேராசிரியரால்தான் சொல்ல முடியும். மார்க்கர் சம்பவத்தை அவரே எழுதினால், அந்த விண்ணப்பத்தை நான் இரண்டாம் முறை படிப்பேன்.

சர்ஜன் விஷயம். கடிதத்தைத் திறந்ததும் நான் தேடுவது, எழுதியவருக்கு இவரை எப்படித் தெரியும் என்பதைத்தான். "குடும்ப நண்பர்" என்று இருந்தால், அவர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும் அதற்கு மேல் ஒன்றும் கிடைக்காது. அம்மாவிடம் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: அவர் செய்யக்கூடிய பெரிய உதவி, கோடை விடுமுறையில் உங்களைத் தன்னோடு ஷேடோ செய்ய, அதாவது கூடவே இருந்து தன் வேலையைப் பார்க்க விடுவது. அவர் மனமும் கோணாது.

மெடிக்கல் ஸ்கூல்களுக்கான பொது விண்ணப்பத் தளமான ஆம்காஸில் 10 கடிதம் வரை ஏற்றலாம் என்பதற்காக அத்தனையையும் நிரப்ப வேண்டாம். கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் எழுதியவர் மனம்விட்டு எழுதினாரா என்ற சந்தேகம் படிப்பவருக்கு வரும். ஒரு கடிதம் தாமதமானால் பதற வேண்டாம், அது வராமலும் விண்ணப்பத்தைச் சமர்ப்பிக்கலாம்.

குடந்தைப் பொண்ணு:
டாக்டர், நீங்க எழுதினதை அம்மாவுக்கு அப்படியே வாசிச்சுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, மாமாவுக்கு அவங்களே போன் போட்டு ஷேடோயிங்குக்குக் கேட்டுட்டாங்க. ரொம்ப நன்றி.

செவ்வாய்க்கிழமை மேடத்தைப் பார்த்தேன். அக்கா சொன்ன மாதிரியே கேட்டேன். "முடியும்"னு உடனே சொன்னாங்க. ரெஸ்யூமே, பர்சனல் ஸ்டேட்மென்ட் (ஏன் டாக்டராகணும்னு எழுதுற கட்டுரை) டிராஃப்ட் கேட்டாங்க. அந்த 54 பேப்பரையும் கொண்டு வரச் சொன்னாங்க. பத்திரமாத்தான் வச்சிருக்கேன்.

இன்னும் ஒரு சயின்ஸ் லெட்டர் வேணும். செல் பயாலஜி லேப்ல 18 பேர்தான், ஆனா என் வேலையை நேர்ல பார்த்தது ப்ரொஃபசருக்கு உதவியா லேப் நடத்துற டிஏ (டீச்சிங் அசிஸ்டென்ட்).

பால்டிமோர் அக்கா:
டிஏ எழுதட்டும், ப்ரொஃபசரும் சேர்ந்து கையெழுத்துப் போடணும். டிஏ கையெழுத்து மட்டும் இருந்தா பல ஸ்கூல் அதை ப்ரொஃபசர் லெட்டரா எடுத்துக்காது. முதல்ல டிஏகிட்ட பேசு, அப்புறம் ரெண்டு பேருமா ப்ரொஃபசரைப் போய்ப் பாருங்க.