பச்சை டிப்பும் தாத்தாவின் வேட்டியும்

குழு: ராஜம் பாட்டி வம்சம் (மும்பை)

திவ்யா: ஞாயிறு தாத்தா சதாபிஷேகம் முடிந்து சாயந்திரம் எங்கள் மொட்டை மாடியில் கட்லெட் கொடுக்கிறோமே, அதற்குச் சில்லென்று பச்சை டிப் வேண்டும் என்று பசங்கள் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். 35 பேர். கேட்டரர் அதற்குத் தனிக்காசு கேட்கிறார். வீட்டிலேயே செய்யத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வசந்தா அத்தை: சட்னிதானே

திவ்யா: இல்லை அத்தை, வெண்ணெய் மாதிரி கெட்டியாக இருக்கும்

வசந்தா அத்தை: அப்போது தயிர்ப் பச்சடி

கார்த்திக்: என் பூணூலில் இலையை விட்டு ஓடியதே, அந்தப் பச்சடியா

வசந்தா அத்தை: வெள்ளரிக்காயை உப்புப் போட்டுப் பிழியாமல் கொட்டியது யார் என்று உன் அம்மாவைக் கேள்

உஷா பெரியம்மா: 15 வருஷம் ஆயிற்று. விடு வசந்தா.

ரமணி சித்தப்பா: திவ்யா, நீ கேட்கும் டிப்புக்கு மூலம் க்ரீன் காடஸ் என்ற சாஸ். 1923-இல் சான் பிரான்சிஸ்கோ பேலஸ் ஹோட்டலில் ஜார்ஜ் ஆர்லிஸ் என்ற நடிகருக்காகச் செய்தார்கள், அவர் நடித்த நாடகத்தின் பெயரையே சாஸுக்கும் வைத்துவிட்டார்கள். மயோனைஸ், டாரகன் இலை, நெத்திலி மீன் எல்லாம் அதில் உண்டு.

உஷா பெரியம்மா: நெத்திலியா

உஷா பெரியம்மா: சதாபிஷேகத்திலா

ரமணி சித்தப்பா: மன்னி, நாம் போடப்போவதில்லை, சரித்திரம் சொன்னேன். மயோனைஸும் வேண்டாம், அதில் முட்டை. நமக்குச் சக்கா (தண்ணீர் வடித்த கெட்டித் தயிர்) போதும். ஸ்ரீகண்டுக்கு வாங்குவோமே, அதேதான், புளிக்காததாக டெய்ரியில் 1 கிலோ கேள். கிடைக்காவிட்டால் இரண்டரை லிட்டர் தயிரை மல் துணியில் கட்டி ஃபிரிட்ஜுக்குள்ளேயே ராத்திரி முழுக்கத் தொங்கவிடு, வெளியில் தொங்கவிட்டால் இந்த மே மாத வெயிலில் காலைக்குள் புளித்துவிடும். கொத்தமல்லி 2 கட்டு, புதினா 1 கட்டு (இலை மட்டும், தண்டு போட்டால் கசக்கும்), ஷேபு (சதகுப்பைக் கீரை) அரைக் கட்டு. அலசித் துணியில் ஈரம் போக ஒற்றியெடுக்க வேண்டும். இலையை மட்டும் 2 ஐஸ் கட்டி, பச்சைமிளகாயோடு மிக்ஸியில் விட்டுவிட்டு ஓட்டு, சூடேறினால் புதினா கறுத்துப்போகும். சக்காவை மிக்ஸியில் போட்டாயோ மோர்தான், கரண்டியால் கலக்க வேண்டும். உப்பும் எலுமிச்சையும் கடைசியில்.

கார்த்திக்: சித்தப்பா, மூச்சு விடுங்கள்

வசந்தா அத்தை: ஷேபு யாருக்குப் பிடிக்கும், சோம்பு மாதிரி வாசனை

திவ்யா: பசங்களுக்கு அதுதான் பிடிக்கிறது அத்தை

உஷா பெரியம்மா: மல் துணி இல்லை. தாத்தாவின் பழைய வேட்டி இருக்கிறது, துவைத்துக் கிழித்துத் தருகிறேன்.

கார்த்திக்: யாருக்குச் சதாபிஷேகமோ அவர் வேட்டியிலேயே தயிரா

திவ்யா: பூண்டு போடலாமா?

ரமணி சித்தப்பா: 2 பல் போதும், பச்சைப் பூண்டு நேரம் ஆக ஆகக் காரமேறும், அதனால் பரிமாறும் முன்

உஷா பெரியம்மா: அன்றைக்குப் பூண்டு கூடாது

கார்த்திக்: ஹோமம் காலையில். டிப் சாயந்திரம்.

உஷா பெரியம்மா: நாள் ஒன்றுதானே

வசந்தா அத்தை: ஞாயிறு தண்டவாள வேலைக்கு ரயிலை நிறுத்தி மெகா பிளாக் போட்டால் டோம்பிவிலியிலிருந்து நான் எப்படி வருவது. குர்லாவில் வேறு மாற வேண்டும்

திவ்யா: சனி ராத்திரியே வந்துவிடுங்கள் அத்தை

வசந்தா அத்தை: போன தடவை ஹாலில் ஃபேன் இல்லாத மூலையில் படுத்தேன்

திவ்யா: இந்தத் தடவை எங்கள் ரூம் உங்களுக்கு. உங்கள் மிக்ஸியையும் கொண்டுவாருங்களேன், எங்களுடையது சீக்கிரம் சூடாகிறது.

வசந்தா அத்தை: என் மிக்ஸி 2019 முதல் ரமணி வீட்டில்தான் இருக்கிறது

கார்த்திக்: ஆஹா

ரமணி சித்தப்பா: ஜார் மட்டும்தான் என்னிடம். சரி அது கிடக்கட்டும். மாடியில் வைக்கும்போது கிண்ணத்தை ஐஸ் போட்ட தாம்பாளத்தில் வை. கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வை, மீதி கீழே ஃபிரிட்ஜில் இருக்கட்டும். துணியில் வடிந்த தண்ணீரைக் கொட்டாதே, சப்பாத்தி மாவு பிசையலாம்.

உஷா பெரியம்மா: சப்பாத்தியும் உண்டா

திவ்யா: இல்லை பெரியம்மா

திவ்யா: பூண்டு போடவா வேண்டாமா, ஒருவராவது முடிவாகச் சொல்லுங்கள்

கார்த்திக்: இரண்டு கிண்ணம் வை

உஷா பெரியம்மா: கரண்டி மாறிவிடும்

வசந்தா அத்தை: ஜார் மட்டும் என்றால் மோட்டார் எங்கே ரமணி